மழைமானி மௌனமானால்...



2016 மே 17ஆம் திகதி பின்னேரம், நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்கள் மண்ணுக்குள் போயின. மரணித்தோரும் காணாமற்போனோருமாக 100 பேருக்கும் அதிகம்.

மலை எந்த நிமிடத்தில் சரியும் என்று எவராலும் சொல்ல முடியாது. மழையை அளக்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் அளவைத் தொலைபேசி வலையமைப்பு வழியாக அனுப்புகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், விழிப்பாயிருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள். புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு. உடனே வெளியேற வேண்டும்.

இந்த எண்ணைக் குறைத்து வைத்தால் அடிக்கடி எச்சரிக்கை வரும். நாலாவது தடவை யாரும் எழும்ப மாட்டார்கள். கூட்டி வைத்தால் செய்தி வருமுன் மண் வந்துவிடும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. மின்சாரம் போய், கோபுரமும் செயலிழந்தால் எச்சரிக்கை எப்படி வரும்? ஒலி, ஒளிப் பதிவுகளை அனுப்பும் சர்வர்களைக் கண்காணிப்பவர்கள், இயந்திரம் ‘பழுது’ என்று சொன்னால் மட்டுமல்ல, சில நிமிடம் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் அலாரம் அடிக்கும்படி வைக்கிறார்கள். அடைமழையில் தொலைபேசி ஊமையானால் அதையே நீங்களும் எச்சரிக்கையாக எடுங்கள்.

அப்போது கைகொடுப்பது ஒரு பால்மா டின். அடியும் வாயும் ஒரே அகலமாக, 15 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமாக இருக்கட்டும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள், 7.5 சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். நாளும் ஒரே நேரத்தில் அளந்து ஊற்றிவிடுங்கள். கனமழையில் மணிக்கொரு தடவை பாருங்கள். சுவரில் புது வெடிப்பு, திடீர் ஊற்று, கலங்கிய நீர் கண்டால் டின்னைப் பார்க்கவும் நிற்காதீர்கள்.

கணவர் கட்டாரிலோ கொழும்பிலோ இருப்பார். “அவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம்” என்று காத்திருக்கும் பெண்கள் நம்மில் உண்டு. உயிராபத்தில் எவருடைய அனுமதியும் தேவையில்லை. அவர் அடுத்த முறை பேசும்போதே சொல்லி வையுங்கள்: எந்த அளவில் வெளியேறுவீர்கள், எந்த வீட்டுக்குப் போவீர்கள், உம்மம்மாவைத் தூக்கிக்கொள்வது யார் என்று. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அடுப்பங்கரைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.