எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரா?

மோட்டார் வண்டி வாங்கும் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் சிரத்தையைக் குறை சொல்ல இடமில்லை. வண்டியின் நிறத்தைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் சபை கூடுகிறது. ஆசன உறையின் விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே அபிப்பிராயத்துக்கு வந்துவிடுகிறார்கள். இது சாமானியமான காரியம் அல்ல. ஆனால் அத்தனை அழகும் பூமியைத் தொடும் இடம் எவ்வளவு என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலந்தான். பாட்டி முதல் பேரன் வரையில் குடும்பம் முழுவதும் நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் பிரயாணம் செய்கிறது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கார் வைத்திருப்போரில் பலர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். “ஆல் சீசன்” என்று ஒரு ஜாதி டயர் இருக்கிறதாமே, வருஷம் முழுவதும் கவலையில்லையாமே, விலை கூடுதலானாலும் அதையே வாங்கிவிடலாமா என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் விடை சொல்வதற்கு முன்னால் நாம் ஒரு எதிர்க்கேள்வி போட வேண்டியிருக்கிறது: எந்த ஊர்ப் பருவம்?

அந்தப் பெயர் குளிர் தேசங்களில் பிறந்தது. கோடைக்கென்று செய்த ரப்பர், வெப்பம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விறைத்துப்போய்ப் பிடிப்பை இழக்கும். ஆகையால் அத்தேசத்தார் கோடைக்கு ஒரு ஜோடனை, பனிக்கு ஒரு ஜோடனை என்று இரண்டு வரிசை டயர் வைத்துக்கொண்டு மாற்றுகிறார்கள். ஜெர்மனியில் 2010 முதல், பனியும் உறைபனியும் உள்ள சாலையில் அதற்குத் தகுந்த டயர் இல்லாமல் போவது குற்றம். இரண்டு வரிசை வாங்க மனமில்லாதவர்களுக்காக ஏற்பட்ட சமரசமே “ஆல் சீசன்”. அதன் ரப்பர் சற்று மெத்தென்று இருக்கும். பனியைக் கவ்வுவதற்காக மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைந்திருக்கும். பக்கத்தில் காணும் “எம் பிளஸ் எஸ்” என்ற எழுத்துக்களுக்குச் சேறும் பனியும் என்று பொருள். அது செய்தவரே சொல்லிக்கொள்வது. மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துளிப் பூவும் வரைந்திருந்தால், பனியில் பரீட்சை தேறியது என்று அர்த்தம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள சுமார் 40 கிலோமீட்டரில் இந்தப் பரீட்சைக்கு என்ன வேலை? மார்கழி அதிகாலையிலே கூட இங்கே 7 டிகிரி என்ற பேச்சு எழுவதில்லை. நம் முன்னோர்கள் பருவத்தை ஆறாக வகுத்தார்கள். தார்ச் சாலைக்குத் தெரிந்தவை இரண்டே: வெயில், மழை. ஒரே தரமுள்ள டயர்களை ஒப்பிட்டால், கொதிக்கும் சாலையில் கோடை டயர் பொதுவாகச் சீக்கிரம் தேயாது. பிரேக் போட்டால் குறைந்த தூரத்தில் நிற்கும். வெதுவெதுப்பான மழையிலும் பெரும்பாலும் அதற்கே முதலிடம். நம் நாட்டில் சாதாரணமாக விற்கும் கார் டயர்கள் வெயிலையும் மழையையும் உத்தேசித்தே செய்யப்பட்டவை. ஆகவே பனிக்காகச் செய்த வித்தைக்கு விழுப்புரத்துக் குடும்பஸ்தர் அதிகப் பணம் கொடுப்பது, ஆனி மாதத்தில் கம்பளி வாங்குவதற்குச் சமானம்.

அந்தப் பணத்தையும் கவனத்தையும் மழையின் பக்கம் திருப்புவது மேல். நம்முடைய பகுதிக்கு மழை என்பது வேடிக்கையல்ல. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தில், விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் அருகில் பெருஞ்சாலைப் போக்குவரத்தே நின்றது. அத்தகைய வெள்ளத்துக்கு எந்த டயரும் மருந்தாகாது. வீட்டில் இருப்பதே மருந்து.

அபாயம் அதிகமாக இருப்பது சாதாரண ஐப்பசி மழையில்தான். சாலையில் தேங்கிய நீரை டயரின் பள்ளங்கள் வாரி வெளியே தள்ள வேண்டும். வேகம் மிகுந்தால் தள்ள அவகாசம் இராது. சக்கரம் நீரின் மேல் ஏறி மிதக்கும். அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரந்தான். அமெரிக்காவின் நாஸா நிபுணர்கள் 1963ல் விமான டயர்களைக் கொண்டு இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். அதன்படி, பள்ளங்கள் வெளியேற்ற முடியாத அளவு நீர் நிற்கும் இடத்தில், காற்று 30 பவுண்டு இருந்தால் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் மிதக்கும். காற்று 24 பவுண்டாகக் குறைந்திருந்தால் 82 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். டயர் வழுக்கையாகிவிட்டால், மிதப்பதற்குச் சொற்ப நீரே போதும். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியே நாற்கரச் சாலையில் போகிறவர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியவை எவை? முதலாவது, ஈரப் பிடிப்பு. 2022ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளில் டயரின் ஈரப் பிடிப்பு, உருளும்போது உண்டாகும் தடை, சப்தம் ஆகிய மூன்றுக்கும் அளவு ஏற்பட்டது. கடைக்காரரிடம் ஈரப் பிடிப்பைப் பற்றி வாய் திறந்து கேளுங்கள். சுற்றிலும் ஓடும் அகன்ற பள்ளங்கள் மூன்று நான்கு உள்ளதாகப் பொறுக்குங்கள். இரண்டாவது, பிறந்த தேதி. பக்கத்தில் உள்ள நான்கு எண்கள் 2324 என்றிருந்தால், 2024ஆம் வருஷத்து 23ஆம் வாரத்தில் செய்தது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் வண்டியில் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் கிழமாகிவிடும். ஐந்து வருஷம் கடந்தால் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். பத்து வருஷம் ஆனால், ஸ்டெப்னியாக இருந்தாலும் தள்ளிவிட வேண்டும்.

மூன்றாவது, பள்ளத்தின் ஆழம். பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் உண்டு. பட்டன் தேய்ந்து அவற்றுக்குச் சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று அர்த்தம். சட்டம் அனுமதிக்கும் எல்லை அதுதான். ஆனால் மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது விவேகம். பணமுடையால் இரண்டு மட்டுமே புதிதாக வாங்க நேர்ந்தால், அவற்றைப் பின் சக்கரங்களில் போடுங்கள். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் கைக்குச் சொல்லும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

காற்றின் விஷயம் கடைசியில் வந்தாலும் முக்கியத்தில் கடைசியல்ல. அக்கினி நட்சத்திர வெயிலில் டயர் வெடிப்பதற்குக் காற்று மிகுதியே காரணம் என்று பலர் எண்ணி, வழியில் நிறுத்திச் சற்று இறக்கிவிடுகிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். காற்றுக் குறைந்த டயர்தான் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து, தன்னைத் தானே காய்ச்சிக்கொண்டு வெடிக்கிறது. டிரைவர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் எழுதியுள்ள அளவுக்கு, வண்டி ஓடுவதற்கு முன் காலையில், மாதம் இருமுறை பார்ப்பது போதும். நைட்ரஜன்தான் வேண்டுமென்று விசாரப்படுகிறவர்களுக்கு ஒரு சமாதானம்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் அதுதான்.

1946ல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, 1961ல் டயரே செய்தது. இன்று புதுச்சேரி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் எல்லாம் டயர் ஆலைகள் இருக்கின்றன. நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற டயரைத் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டார் வண்டிக்கு அருகில் குனிந்து உட்கார்ந்து ஐந்து டயர்களையும் பார்க்கட்டும். குழந்தைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டைப் பெரியவர்களுக்கு முன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.