'ஓகே'னு ஒத்த வார்த்தையில ரிப்ளை... கோபமா, அவசரமா? வொர்க் ஃப்ரம் ஹோமில் நம்மைக் குழப்பும் மெசேஜ்கள்!

ரெண்டு நாள் உட்கார்ந்து முடிச்ச ரிப்போர்ட்டை டீம் லீடுக்கு அனுப்புறீங்க. அரை மணி நேரம் கழிச்சு 'ஓகே' என்று ஒரு பதில் வருது. அவ்வளவுதான். பிடிச்சிருக்கா, பிடிக்கலையா, ஏதாவது தப்பா? அதுக்கப்புறம் வேலையே ஓடாது. அந்தப் பக்கம் அவரோ, அடுத்த மீட்டிங்குக்குப் போகும் அவசரத்தில் டைப் பண்ணிவிட்டு, அதை அப்போதே மறந்திருப்பார்.

ஆபீஸில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது முகமும் இல்லை, குரலும் இல்லை. ஸ்கிரீனில் இருக்கும் வார்த்தைகள் மட்டும்தான். அதனால்தான் சின்னச் சின்ன மெசேஜ்கூட பெரிய மனக்கசப்பாக மாறுகிறது.

இப்போ இதைப் பற்றி ஏன் பேசணும்?

2020 மார்ச் ஊரடங்கில் ஐ.டி நிறுவனங்கள் அவசர அவசரமாக ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. 2025-க்குள் ஒரே நேரத்தில் 25 சதவிகித ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தாலே போதும் என்று அந்த ஆண்டு அறிவித்த டி.சி.எஸ், 2023 அக்டோபரில் வாரம் 5 நாளும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டது. அமேசானும் 2025 ஜனவரியில் அதே பாதைக்குத் திரும்பியது. நிறுவனங்கள் சொல்லும் முக்கியமான காரணம், 'சேர்ந்து வேலை செய்ய நேரில் இருக்கணும்' என்பதுதான்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன்னுடைய 61,182 அமெரிக்க ஊழியர்களின் 2020-ம் ஆண்டின் முதல் 6 மாதத் தகவல் தொடர்பை ஆராய்ந்து, 2021-ல் முடிவுகளை வெளியிட்டது. முழுக்க முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது மற்ற டீம்களோடு இருந்த தொடர்பு குறைந்திருந்தது. நேருக்கு நேர் பேச்சு குறைந்து மெயிலும் சாட்டும் கூடியிருந்தன.

ஆனால், நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் குறையவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஆக, தூரம் மட்டுமே பிரச்னை இல்லை. அந்தத் தூரத்தில் நாம எப்படிப் பேசுறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கு. வீட்டிலிருந்து வேலை செய்யும் அந்த ரெண்டு மூணு நாளைத் தக்கவைக்கணும்னா, இதைக் கத்துக்கிட்டே ஆகணும்.

மனசுக்குள் கேட்கும் குரல் மெசேஜில் போகாது

2005-ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கிண்டலாகவும் சீரியஸாகவும் எழுதிய வாக்கியங்களை மாணவர்கள் ஒருவருக்கொருவர் மெயிலில் அனுப்ப வேண்டும். அனுப்பியவர்கள், '78 சதவிகிதம் சரியாகப் புரிஞ்சுடும்' என்று நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56 சதவிகிதம்தான். கிட்டத்தட்ட பூவா தலையா போட்டுப் பார்க்குற கதை! அதையே குரலில் சொன்னபோது 73 சதவிகிதம் சரியாகப் புரிந்தது.

நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் 'அனுப்பிடுப்பா', 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்' என்று சொல்லும்போது, அந்த 'ப்பா'வும் 'களேன்'-னும் பாதி வேலையைச் செய்துவிடும். ஆபீஸ் சாட்டில் அதையே இங்கிலீஷில் 'செண்ட் இட்' என்று தட்டிவிட்டால் அதட்டல் மாதிரி ஆயிடும். புனேயிலோ நொய்டாவிலோ இருக்கும் டீம் மெம்பருக்கு நம்ம மனசு தெரியாது, வார்த்தை மட்டும்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

* வெறும் 'ஹாய்' வேண்டாம். 'ஹாய்' போட்டுட்டு அவங்க பதிலுக்குக் காத்திருந்தா ரெண்டு பேர் நேரமும் வீண். என்ன வேணும், எதுக்கு வேணும், எப்போ வேணும்... மூணையும் ஒரே மெசேஜில் எழுதிடுங்க. அவசரம் இல்லைன்னா அதையும் சொல்லிடுங்க.

* 'ஓகே' கூட ஒரு வார்த்தை சேருங்க. 'ஓகே, நல்லா வந்திருக்கு', 'ஓகே, சாயங்காலம் பார்க்கிறேன்'. கூடுதலாக ஆகும் நேரம் 3 விநாடி. எதிரில் இருப்பவருக்கு மிச்சமாகும் கவலை ஒரு மதியம்.

* தப்பைச் சுட்டிக்காட்டணுமா? போன் போடுங்க. பாராட்டு குரூப்பில், திருத்தம் தனியாக. ஒரே விஷயத்துக்கு நாலு மெசேஜ் போயும் புரியலைன்னா, அஞ்சாவது மெசேஜ் டைப் பண்ணாதீங்க. கூப்பிட்டுப் பேசிடுங்க.

* வீடியோ கால் எல்லாத்துக்கும் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் வீடியோ கால் சோர்வுக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, நம்ம முகத்தை நாமே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. செட்டிங்கில் அதை மறைச்சுடலாம்.

* நேரத்தைப் பாருங்க. ராத்திரி 10 மணிக்குத் தோணுச்சுன்னா எழுதி, காலையில போற மாதிரி ஷெட்யூல் பண்ணிடுங்க. வேலை நேரம் முடிந்த பிறகு வரும் மெசேஜுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. அதுவரை, நாம ஒருத்தருக்கொருத்தர் கொடுக்கிற மரியாதைதான் சட்டம்.

புதுசா சேர்ந்தவங்க நிலைமை

இந்த இடைவெளியில் அதிகம் அடிபடுவது ஃப்ரெஷர்கள்தான். ஆபீஸில் பக்கத்து சீட்டில் எட்டிப்பார்த்து, 'அண்ணா, இது எப்படி?'னு கேட்டுடலாம். ஓ.எம்.ஆர் டீக்கடையில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில், எந்த மேனேஜர் எப்படின்னு முழு ஜாதகமும் கிடைச்சுடும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் 22 வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோ இது எதுவும் கிடையாது. 'இதுகூடத் தெரியலையா'னு நினைப்பாங்களோ என்ற பயத்தில் மூணு மணி நேரம் தனியாகத் திணறுவாங்க. ரிவ்யூவில் 'ஆர்வம் குறைவு' என்று எழுதப்படும்.

நீங்க ஃப்ரெஷர்னா, 'நான் இதை, இதை முயற்சி பண்ணிட்டேன், இந்த இடத்தில் நிக்குது' என்று எழுதிக் கேளுங்க. அப்படிக் கேட்பவரை யாரும் சோம்பேறின்னு நினைக்க மாட்டாங்க. நீங்க சீனியர்னா, தினமும் 15 நிமிஷம் 'டவுட் இருந்தா வாங்க' என்று ஒரு கால் திறந்து வையுங்க. வாரம் ஒருநாள் வேலை பேசாத ஒரு டீ பிரேக் காலும் போடலாம். மைக்கில் குக்கர் விசில் கேட்டாலும் பரவாயில்லை.

இன்றைக்கு லாக்-ஆஃப் பண்ணும் முன்பு ஒரு சின்ன வேலை. நீங்க கடைசியாக அனுப்பிய பத்து மெசேஜை, உங்களைத் தெரியாத ஒருத்தர் படிக்கிற மாதிரி படிச்சுப் பாருங்க. எத்தனை மெசேஜ் கோபமா கேட்குது?