நசுக்குமுன் சற்றே நில்லுங்கள்



குருமனை முற்றத்திலுள்ள செம்பருத்திச் செடியை உங்களில் பலர் அறிவீர்கள். சென்ற மாதம் அதன் கிளைநுனிகளில் மாவுப்பூச்சி வெண்மையாகப் படர்ந்தது. அவற்றினிடையே, அளவில் பெரிய சில வெள்ளைப் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவையே தாய்ப்பூச்சிகள் என்று எண்ணி, ஒவ்வொன்றாகத் தேடி நசுக்கினேன். அவ்வழியே வந்த விவசாயியான நம் சபையார் ஒருவர், "ஐயா, செடியைக் காக்க வந்ததையல்லவா கொன்றுவிட்டீர்கள்!" என்றார்.

உண்மை அதுவே. நான் கொன்றவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். அந்த இனம் 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சியைத் தின்றே அது வளர்கிறது. தன் இரையைப் போலவே அதன் புழுவும் வெள்ளை மெழுகைப் போர்த்தியிருப்பதால் கண் ஏமாறுகிறது. கூர்ந்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். இதுவோ நீண்ட மெழுகு இழைகளுடன் இரை தேடி ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கத்தரி இலையில் கரும்புள்ளிகளுடன் அமர்ந்திருக்கும் எபிலாக்னா வண்டைப் பொறிவண்டு என்றெண்ணி விட்டுவிடுகிறோம். நன்மை செய்யும் பொறிவண்டின் முதுகு பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகு நுண்ணிய மயிர்களால் மங்கித் தோன்றும். அதன் மஞ்சள் நிறப் புழுவின் உடலெங்கும் முட்கள் இருக்கும். இரண்டுமே இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, நரம்புகளை மட்டும் வலைபோல் விட்டுவைக்கும்.

ஆகவே தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பிடாதீர்கள். அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். கண்டவுடன் மருந்து தெளிப்பது பொறுப்பான செயல் என்று நான் கருதவில்லை. பல மருந்துகள் இரண்டையும் சேர்த்தே கொல்லும். பின்பு தீய பூச்சி தடுப்பாரின்றிப் பெருகும். பொறுமை என்பது வாளாவிருப்பதும் அன்று. எபிலாக்னாவின் முட்டைகளையும் புழுக்களையும் கையால் பொறுக்கி அழிக்கத்தான் வேண்டும்.

களைகளின் உவமையில், உடனே பிடுங்க முற்பட்ட வேலைக்காரரை எஜமான் தடுக்கிறார். களையின்மீது கொண்ட இரக்கத்தால் அன்று. கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்பதால். அவ்வுவமையைப் பலமுறை பிரசங்கித்த நானே செடியருகில் அதை மறந்தேன். தலைமுடியையும் உடையையும் கண்டு, விசாரியாமலே நான் தள்ளிவைத்த சில வாலிபரின் முகங்கள் அன்றிரவு நினைவுக்கு வந்தன. நசுக்கிய புழுவுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்த வாலிபரின் வீடுகளுக்கோ இந்த வாரம் செல்லவிருக்கிறேன்.

நீங்களும் மருந்தைக் கையில் எடுக்குமுன், செடியின் அருகே பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். கர்த்தர் உங்களுக்குப் பகுத்தறியும் கண்களைத் தந்தருள்வாராக.