நடுவில் நிற்பது மட்டும் நடுநிலை அல்ல

போன வாரம் சிதறால் மலைக்கோயிலில் இருந்து இறங்கி வரும்போது, சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, சாதிப் பார்வையே இல்லாத நீதிபதி உண்டா?" அவருக்கான பதில் இது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதியான மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இப்படி எழுத லஞ்சமோ மிரட்டலோ தேவையில்லை. பண்ணையாரின் கௌரவத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும் மனம் போதும்.

அதே 1973இல்தான் அந்த நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதியாக ஏ. வரதராஜன் வந்தார். நீதிமன்றம் தொடங்கி 111 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1980இல் உச்ச நீதிமன்றத்திலும் அவரே முதல் தலித் நீதிபதி.

இப்போது கே. சந்துருவைப் பாருங்கள். காவல் நிலையச் சித்திரவதையில் இறந்த ராஜாகண்ணுவின் மனைவிக்காக 1993இல் வழக்காடியவர். 2006இல் நீதிபதி ஆனார். 'மை லார்ட்' வேண்டாம் என்றார். செங்கோல் ஏந்தி முன்னே நடக்கும் தபேதாரும் போலீஸ் பாதுகாப்பும் வேண்டாம் என்றார். 2013இல் சொத்துக் கணக்கை ஒப்படைத்து, பிரிவுபசார விழாவை மறுத்து, மின்சார ரயிலில் வீடு திரும்பினார். இதை வெறும் எளிமை என்று பாராட்டிவிட்டுப் போகக்கூடாது. அரசிடம் எதையும் எதிர்பார்க்காதவருக்கு அரசிடம் பயமும் இல்லை.

ஏழு ஆண்டுகளில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். மயானத்தில் சாதிப் பிரிவினை கூடாது என்றார். சத்துணவுப் பணி நியமனத்தில் இட ஒதுக்கீடு வேண்டும் என்றார். நம் மாவட்ட வழக்குகள் போகும் மதுரைக் கிளையில், 2008இல், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் கோயிலில் பூசை செய்யும் உரிமையை உறுதிசெய்தார்.

அவர் எழுதிய நூல்களில் ஒன்றின் பெயர் 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்'. எந்த இடத்தில் நின்று பார்க்கிறேன் என்பதை மறைக்காதவரோடு நாம் வாதாடலாம், தவறினால் சுட்டிக்காட்டலாம். "எனக்குச் சாதியே தெரியாது" என்பவர் எழுதும் தீர்ப்பில் சாதி ஒளிந்திருந்தால், அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே தம்பி, பார்வையே இல்லாத நீதிபதியைத் தேடாதே. தீர்ப்பு நகலை எடுத்துப் படி. யாருடைய சொல் உடனே நம்பப்பட்டது, யாரிடம் கூடுதல் ஆதாரம் கேட்கப்பட்டது என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறித்து வை. நாளை நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், உன் தீர்ப்பையும் இதேபோல் ஒருவர் படிப்பார் என்பதை மறக்காதே.