ஊர்விதியை ஊரார் படிக்க வேண்டாவா?

வாழ்நாள் உழைப்பால் சேர்த்த சிறுபொருளைக் கொண்டு மூன்று செண்டு மனையில் வீடொன்று எழுப்ப முனைகின்றான் ஒரு தமிழன். கடைக்கால் தோண்டுமுன்பே விதிகள் அவனைச் சூழ்ந்து கொள்கின்றன. தெருவிலிருந்து எத்துணை அடி உள்வாங்குவது, பக்கத்து மனைக்கும் தன் சுவருக்கும் இடையே எத்துணை இடம் விடுவது, மாடி எவ்வளவு உயரலாம், கழிநீர் எவ்வழி செல்லும், மழைநீர் எங்கே இறங்கும் என்றெல்லாம் அவை கேட்கின்றன. கேட்பது தவறன்று. காற்றும் ஒளியும் பக்கத்து வீட்டானுக்கும் வேண்டும். தீப்பற்றினால் நீர்வண்டி நுழைய இடம் வேண்டும். பலர் கூடி வாழும் ஊரில் தன் மனையாயினும் ஒருவன் தன் விருப்பப்படியே கட்டிக் கொள்ளல் ஆகாது.

ஆயின், அவ்விதிகளுள் ஒன்றையேனும் அவன் தன் கண்ணால் படித்தவன் அல்லன். படித்தவர் வேறொருவர் இருக்கின்றார். நகராட்சி அலுவலகத்திற்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் காலை பத்து மணி முதல் அவரைக் காணலாம். “அதெல்லாம் உனக்கு எதற்கு? ஆகவேண்டியதை நான் பார்த்துக் கொள்கிறேன்” என்பார். அவர் கேட்கும் தொகையில் எவ்வளவு கட்டணம், எவ்வளவு அவர் கூலி, எவ்வளவு கையூட்டு என்பது வீடு கட்டுவோனுக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. விதி இன்னதென்று அறியாதவன் எதை மறுப்பான்?

உள்ளாட்சி மன்றங்கள் இயற்றும் இவ்விதிகளைத் தமிழில் ‘துணைவிதிகள்’ என்று எழுதி வருகின்றனர். ‘பைலா’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முன்னுறுப்பைத் ‘துணை’ என்று கொண்டதால் நேர்ந்த பெயர்ப்பு இது. சொல்வரலாறு ஆய்ந்த அறிஞர் கூறுவது வேறு. ‘பி’ என்பது கடல்கடந்து இங்கிலாந்தில் குடியேறிய வடபுலத்தார் மொழியில் ஊரைக் குறித்த சொல். டெர்பி, கிரிம்சுபி, விட்பி முதலிய இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இன்றும் அச்சொல் நிற்கின்றது. ஆகவே அச்சொல்லின் நேர்பொருள் ஊர்ச்சட்டம் என்பதே. ஊர் தனக்குத் தானே வகுத்துக் கொள்வது ஊர்விதி. அதைத் ‘துணை’ என்றதும் ஏதோ பெருஞ்சட்டத்தின் வாலில் தொங்கும் சிறுவிதி என்ற எண்ணம் வந்துவிட்டது. ஊர் என்பதே அச்சொல்லிலிருந்து ஓடிவிட்டது. பெயரில் ஓடிய ஊர் விதியின் மொழியிலும் ஓடிவிட்டது என்பதுதான் இங்கே வழக்கு.

தமிழ்நாட்டு நகராட்சிகளைக் கட்டியாண்டது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். வெள்ளையன் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அது, நூறாண்டுக்கு மேல் நின்றது. 1998-இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்பிரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றப் பெற்றது. ஆயினும் அறுபது ஆண்டுகள் கடந்த பின்பு, 2019 பிப்பிரவரியில், மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் அரசிதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. திருநெல்வேலியில் வீடு கட்டுவோனும் திருத்தணியில் வீடு கட்டுவோனும் அவ்விதிகளுக்கு உட்பட்டவர்களே. அவர்களுள் எத்தனை பேர் அந்நூலை எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லார்?

2024 சூலையில் இன்னொன்றும் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், தாமே சான்று அளித்துக் கணினி வழியே ஒப்புதல் பெறலாம் என்று அரசு அறிவித்தது. அலுவலகப் படியேறி அலைவது குறையும் என்பதால் பாராட்டத் தக்க ஏற்பாடே. ஆனால், ‘விதிகள் யாவற்றையும் பின்பற்றியுள்ளேன்’ என்று உறுதி கூறிக் கையெழுத்திடுபவன் அவ்விதிகளைப் படித்திருக்க வேண்டாவா? படியாத ஒன்றுக்கு ஒருவனைப் பொறுப்பாளன் ஆக்குவது எந்த முறைமையில் சேரும்? பிழை நேர்ந்தால் நேற்றுவரை அலுவலரும் பங்குடையவர். இன்றோ அது முழுதும் கையெழுத்திட்டவன் தலையில் விழுகின்றது. தேநீர்க் கடைத் தரகர் கணினிக் கடைத் தரகராக மாறியதன்றி வேறு மாற்றம் நேராதிருக்க வேண்டுமாயின், தற்சான்றுக்கு முன் தமிழ்ப்பாடம் வந்திருக்க வேண்டும்.

விதி விளங்காமையால் தமிழர் இழந்தவற்றுள் திண்ணை ஒன்று. வழிப்போக்கன் இளைப்பாறவும், நெசவாளி பாவுக்கு நூல் சுற்றவும், முதியோர் மாலையில் அமரவும், ஊர்ப்பிள்ளைகள் எழுத்தறியவும் இடந்தந்த கட்டடப் பகுதி அது. தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்டதாகையால் அது யாருடையது என்னும் வழக்கும் பழையதே. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் இதில் இரண்டு செய்திகளைக் கூறியது. தெருவில் நீட்டிக் கொண்டிருக்கும் எதனையும் அகற்றுமாறு அறிவிக்கை கொடுக்க நகராட்சிக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. அது காலவரைச் சட்டப்படி உரிமை முதிரும் அளவுக்கு நெடுங்காலம் நின்றதென்றோ, முன்பே நகராட்சியின் இசைவு பெற்றுக் கட்டப்பட்டதென்றோ உரியவன் மெய்ப்பித்தால், அகற்றும்போது தக்க இழப்பீடு தரவேண்டும் என்பது மற்றொன்று. பொதுத்தெருவை மீட்க உள்ளாட்சி தொடுக்கும் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டம் முப்பது ஆண்டு எல்லை வைத்திருக்கின்றது.

அறிவிக்கை தமிழில்தான் வந்தது; அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதில் இருந்தவை பிரிவின் எண்ணும், ‘அகற்றுக’ என்னும் சொல்லும், நாட்கெடுவும் மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் இழப்பீடு என்னும் சொல் ஒளிந்திருந்ததை யார் எடுத்துரைத்தார்? பாட்டன் காலத்துத் திண்ணையைப் பேரன் தன் கையாலேயே கடப்பாரை கொண்டு இடித்தான். அதே தெருவில், விதியறிந்த வழக்குரைஞரை அமர்த்திக் கொண்ட வணிகரின் படிக்கட்டு இடிபடாமல் நின்றது. ஊரார் இதைக் கண்டு, ‘விதி என்பது ஏழைக்குத்தான்’ என்றனர். அவர்கள் கூற்றில் பிழையென்ன?

அறியாது மீறுவோர் ஒருபுறம் இருக்க, நன்கறிந்தே மீறுவோரும் உளர். அவர்களுக்கு ஆங்கிலம் தடையன்று. நகர, ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் ஒரு பிரிவைச் சேர்த்து, ஒப்புதலின்றியும் ஒப்புதலை மீறியும் எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக் கொண்டு முறைப்படுத்த வழி திறந்தனர். விதியை மதித்துத் தன் மனையில் இடம் விட்டவனுக்கு என்ன கிடைத்தது? அதை இன்னோரிடத்தில் விரித்துப் பேச வேண்டும்.

விதி விளங்காமை திண்ணையோடு நின்றிருந்தால்கூடப் பொறுக்கலாம். 2004 சூலை 16 அன்று குடந்தைப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். துணி, புல், ஓலை, பாய் முதலிய தீப்பற்றும் பொருள்களால் வெளிக்கூரை வேய்வதற்கு இசைவு பெறவேண்டும் என்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. பொதுக்கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என 1965-இல் தனிச்சட்டமும் வந்தது. விதி இல்லாமல் அக்குழந்தைகள் மாளவில்லை. பார்க்க வேண்டிய அலுவலர் பாராமை முதற்குற்றம். ஆயினும் நாள்தோறும் அப்பள்ளி வாயிலில் பிள்ளையை விட்டுச் சென்ற தாய்மார் நூற்றுக்கணக்கானோர். கூரையைப் பார்த்தவர்கள் அவர்கள். அக்கூரைக்கு ஒரு விதி உண்டு என்பதும், ‘இதற்கு இசைவு இருக்கின்றதா?’ என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதும் அவர்களுள் ஒருவருக்கேனும் தெரிந்திருந்தால்? ஓர் அலுவலர் கண் மூடினாலும் ஓராயிரம் கண் திறந்திருக்கும் காவலன்றோ அது!

பழந்தமிழ் ஊராட்சியைப் பற்றிப் பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியனவும், உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையும் உள்ளன. அளவுக்கு மீறிப் புகழ வேண்டுவதில்லை. அது பார்ப்பனர் ஊர். நிலமும் மனையும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே அவ்வவையில் இடம். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இல்லை. கல்வெட்டின் நடையிலும் வடசொற் கலப்பு மிகுதி. ஆயினும் ஒன்றை மறுத்தற்கியலாது: யார் வாரியத்தில் இருக்கலாம், யார் இருத்தலாகாது, கணக்குக் காட்டாதவனுக்கு என்ன நேரும் என்பனவற்றை ஊரவை கூடும் இடத்துச் சுவரிலேயே, தமிழில், கல்லில் வெட்டி வைத்தனர். ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து, சுவருக்குச் சுவர் சுவரொட்டி ஒட்டும் நாட்டில், ஊர்விதியை ஒட்டச் சுவரில்லையாம்!

தெருவைப் பொறுத்தவரை தமிழ் மண் மறக்கலாகாத ஆண்டு 1924. தாழ்த்தப்பட்ட மக்களும் எந்தப் பொதுத்தெருவிலும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம், பொது அலுவலகங்களுள் நுழையலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அற்றைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். அரசாணையும் வந்தது. ஆனால் ஆணை வெளிவந்த நாளிலேயே தெரு திறந்துவிடவில்லை. தடுப்பவனுக்கு அவ்வாணை தெரிந்திருந்தது. நடக்க வேண்டியவனுக்குத் தெரியவில்லை. தன் உரிமை இன்னதென்று எழுத்தில் காட்டக் கையில் ஒரு தாள் இல்லாதவன், தெருமுனையில் கம்பூன்றி நின்றவனுக்கு அஞ்சித் திரும்பினான். பொதுவிடம் பற்றிய விதி மக்கள் மொழியில் மக்கள் கையில் இருத்தல் வேண்டும் என்பது தமிழ்ப்பற்றினால் மட்டும் எழும் வேண்டுகோள் அன்று.

“தமிழில் சொற்கள் இல்லையே” என்பார் சிலர். கொத்தனாரைக் கேட்கட்டும். கடைக்கால், தூலம், கைமரம், நிலை, குறடு, தாழ்வாரம், முன்றில், மோட்டுவளை என்று வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் வைத்திருக்கும் மொழி இது. ‘செட்பேக்’ என்று மிரட்டுவது சுவருக்கும் எல்லைக்கும் நடுவே விடும் வெளிதான். விடுவெளி என்றால் விளங்காதா? ‘எஃப்.எசு.ஐ.’ என்று முழங்குவதும் ஒரு சிறுகணக்கே. எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனைப்பரப்பின் எத்தனை மடங்கு ஆகலாம் என்னும் அளவு அது. உயரம் மிகாத கட்டடங்களுக்கு 2019 விதிகள் பொதுவாக இரண்டு மடங்கு என்கின்றன. 1,200 சதுர அடி மனையில் தளங்கள் கூடி 2,400 சதுர அடி ஆகலாம். தளமடங்கு என்று சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இக்கணக்கைப் போட்டுவிடும்.

உண்மைத் தடை சொல்லில் இல்லை. அரசியல் சட்டத்தின் 348-ஆம் கூற்றில் இருக்கின்றது. பாராளுமன்றம் வேறு வகை செய்யும்வரை சட்டங்களும் ஆணைகளும் விதிகளும், ஏன், ஊர்விதிகளுங்கூட ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்கின்றது அது. தில்லியில் அமர்ந்து வரைந்தவர்கள் திண்டிவனத்துச் சாய்க்கடை விதியின் மொழியையும் விட்டு வைக்கவில்லை! அதே கூற்றின் மூன்றாம் உட்கூறு ஒரு வழி வைத்துள்ளது. மாநிலச் சட்டமன்றம் வேறு மொழியை வகுத்திருந்தால் அம்மொழியிலேயே விதி இயற்றலாம். ஆங்கிலப் பெயர்ப்பொன்றை ஆளுநரின் ஆணைப்படி அரசிதழில் வெளியிட்டால் போதும். அப்போதும் ஆங்கிலப் பாடத்திற்கே அதிகாரம் என்பது கசப்பான செய்திதான்; அதை மாற்றப் போராட வேண்டியதும் உண்மைதான். ஆனால் அதுவரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. தமிழில் இயற்றி ஆங்கிலத்தில் பெயர்ப்பதைத் தடுப்பார் யாருமில்லை. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, பிறமொழி இரண்டு பங்கு என்று கடைக்காரனுக்கு அளவு வகுத்த அரசு, தன் விதிநூலில் தமிழுக்கு எத்தனை பங்கு கொடுத்திருக்கின்றது?

தமிழில் சொன்னால் விதி மக்களைச் சென்று சேரும் என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று கட்டட விதிகளைத் திருத்தினர். சுவரிலும் பள்ளியிலும் வானொலியிலும் அது தமிழில் பேசப்பட்டது. கூரை நீரைக் குழாய் வழியே குழிக்குள் விட வேண்டும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அறிந்தாள். பின்னாளில் குழிகள் தூர்ந்து போனது வேறு கதை. விதி தெரியாது என்று எவரும் கூறவில்லை.

நவம்பர் முதல் நாளை உள்ளாட்சி நாள் என்று 2022-இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. ஊராட்சியிலும் நகரப் பகுதியிலும் அன்று மக்கள் கூட்டம் நடத்துகின்றனர். அக்கூட்டத்தில் எழுந்து, ‘எங்கள் ஊர்விதியின் தமிழ்ப்பாடம் எங்கே?’ என்று கேட்கலாம். விடை வாராவிடின், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கின்றது. அதன் நான்காம் பிரிவு, பொது அலுவலகங்கள் தாமே முன்வந்து வெளியிடும் செய்திகளில் வட்டார மொழியைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்கின்றது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து உருபா. முப்பது நாளுக்குள் விடை தந்தாக வேண்டும். விடையும் தமிழில் வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுதல் நன்று.