சராசரியும் நடுநிலையும்

பல ஆண்டுகளுக்கு முன் யான் ஆசிரியனாய் இருந்தபோது நிகழ்ந்த ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. ஒரே வகுப்பில் இரு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மாணவர் பதின்மர். தேர்வில் ஒன்றன் சராசரி மதிப்பெண் 62. மற்றதன் சராசரி 58. குறைந்த பிரிவின் இளம் ஆசிரியரைத் திறமற்றவர் எனப் பலரும் பழித்தனர். யானும் அதற்குத் தலையசைத்தேன். அது முறையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஒரே குவியலினின்று இருமுறை பத்து நெல்மணிகளை எடுத்து நிறுத்தாலும் இரு நிறையும் ஒத்திரா. அங்ஙனமாயின், காணும் வேறுபாடு தற்செயலானதா, உண்மையானதா என்று அறிவது எவ்வாறு?

இதற்கு வழிகண்டவர் வில்லியம் காசெட் என்பார். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய அவர், சிறிய மாதிரிகளை ஆராயும் முறையை 1908 இல் வெளியிட்டார். நிறுவனத்தின் விதிக்கிணங்கத் தம் பெயரை மறைத்து, 'மாணாக்கர்' என்னும் பொருள்படும் புனைபெயர் பூண்டார். கற்றோர்க்கு அதனினும் தக்க பெயர் யாதுளது? அம்முறையை இரு குழுக்களை ஒப்பிடுதற்கு ஏற்ப விரித்தவர் ரொனால்டு ஃபிஷர் ஆவார்.

முதற்கண், இரு குழுக்களுக்கும் உண்மையில் வேறுபாடு இல்லை எனக் கொள்ளல் வேண்டும். இதுவே இன்மைக் கருதுகோள். சான்று காணுமுன் எவரையும் குற்றவாளி என்னாத நடுவரின் நெறியும் இதுவே. பின்னர்ச் சராசரிகளின் வேறுபாட்டைத் திட்டப்பிழையால் வகுக்க வேண்டும். அப்பிரிவுகளில் மதிப்பெண்கள் பெரிதும் சிதறிக் கிடந்தன. இரண்டிற்கும் திட்டவிலக்கம் 10. ஆதலின் திட்டப்பிழை 4.47, ஈவு 0.89. நூற்றுக்கு ஐந்து என்னும் அளவில், ஈவு 2.10 ஐக் கடந்தாலன்றி இன்மைக் கருதுகோளைத் தள்ளுதல் ஆகாது. திட்டவிலக்கம் 3 ஆக இருந்திருப்பின் ஈவு 2.98 ஆகியிருக்கும், அதே நான்கு மதிப்பெண் அப்பொழுது பொருட்படுத்தத் தக்கதாகும்.

எனினும், எல்லையைக் கடவாமை இருபிரிவும் சமம் என்பதற்குச் சான்றன்று. வேறுபாட்டுக்குப் போதிய சான்றில்லை என்பதே அதன் பொருள். கடந்த வழியும், காரணம் ஆசிரியரே எனத் துணிதல் தகாது. மாணவர் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பதையும் வினவல் வேண்டும்.

மாணவர்களே! சராசரி நாவை விரைவில் தூண்டும். சிதறலோ அதனைச் சற்றே அடக்கும். அடங்கிய நாவே நடுவுநிலை வழுவாது பேசும். அன்று யான் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பின், ஒரு நல்லாசிரியர் தலைகுனிந்து நின்றிரார்.