காத்திருக்க விடுவது யார்?

கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையில் மதியம் இரண்டு மணிக்கு நின்றால் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஆள் மாறுவதைப் பார்க்கலாம். ஏ ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு திரும்புவார்கள். பி ஷிப்ட்காரர்கள் டிபன் பையோடு உள்ளே போவார்கள். உள்ளே லைன் ஓரத்துப் பலகையில் டார்கெட், ஆனது, ரிஜெக்ட் என்று மூன்று எண்கள் இருக்கும். ஷிப்ட் இன்சார்ஜின் தலைமைப் பண்பை அளக்கும் கோல் அதுதான். அவகாசம் எட்டு மணி நேரம்.

அதே பண்பை அளக்க அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அணி மேனேஜருக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் கிடைக்கும். கிரிக்கெட் கோச்சைவிட அவருக்கு அதிகாரம் கூடுதல். பந்தெறிபவர் களைத்துவிட்டால் மேனேஜரே களத்தின் நடுவரை நடந்துபோய் அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். ஆனாலும் அந்த ஆட்டம் அடிப்படையில் தோல்விகளின் கணக்குதான். பத்து முறைக்கு மூன்று முறை அடித்தாலே நல்ல மட்டையாளர் என்பார்கள். 1998இல் நியூயார்க் யாங்கீஸ் 114 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரையும் தூக்கியது. அந்த ஆண்டும் 48 முறை தோற்றது. அதன் மேனேஜர் ஜோ டோரே அதற்கு முன்பு மூன்று அணிகளால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்.

கோனி மேக் கதை இன்னும் சுவையானது. ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். மற்ற மேனேஜர்கள் ஆட்டக்காரர்களின் சீருடையைப் போட்டுக்கொள்வார்கள்; இவர் கோட்டும் டையுமாக பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருக்கும் ஸ்கோர் அட்டையை ஆட்டியே ஆட்களை இடம் மாற்றுவார். மேனேஜராக அவர் பெற்ற வெற்றிகள் 3,731. தோல்விகள் 3,948. இரண்டுமே நெடுங்காலம் யாரும் நெருங்காத கணக்குகள். ஐந்து முறை உலகத் தொடரை வென்றவர், பல ஆண்டுகள் கடைசி இடத்திலும் கிடந்தார். பொறுமையின் சிகரம் என்று புகழலாம்தான். ஆனால் அணியின் உரிமையாளர்களில் அவரும் ஒருவர். அவரை வேலையை விட்டு நீக்க அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும்!

தலைமை பற்றிய புத்தகங்கள் தவறவிடும் இடம் இது. பொறுமையைத் தலைவனின் குணமாக எழுதுகிறார்கள். பாதிக்கு மேல் அது அவனுக்கு மேலே இருப்பவர் விட்டுக்கொடுக்கும் அவகாசம்.

நம் சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீஃபன் ஃபிளெமிங் 2009 முதல் சென்னை சூப்பர் கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளர். 2018 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் ஷேன் வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. டீக்கடை டிவி முன்னால் நின்றவர்கள் அதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். முடிவில் அவர் 57 பந்தில் 117 ரன், ஆட்டமிழக்கவில்லை. 2020இல் அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அந்த ஆண்டு ருதுராஜ் கெய்க்வாட்டின் முதல் மூன்று ஸ்கோர்கள் 0, 5, 0. அடுத்த மூன்றும் அரைசதம். மறு ஆண்டு 635 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி அவருக்கு, கோப்பை அணிக்கு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த அரைசதங்கள் வந்த கடைசி ஆட்டங்களில் சென்னைக்கு இழக்க ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. நெருக்கடி விலகியபோதுதான் பையனுக்கு இடம் கிடைத்தது. 2025இல் அணி முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தபோதும் ஃபிளெமிங்கின் நாற்காலி ஆடவில்லை. அந்த நிதானத்தில் பாதி அவருடையது, பாதி நிர்வாகத்துடையது.

அவகாசம் தந்த மேலிடத்தை விளையாட்டுக்கு வெளியேயும் பார்க்கலாம். வானம் தெளிந்திருந்தால் சிப்காட்டை ஒட்டிய கும்மிடிப்பூண்டி மொட்டை மாடிகளிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுவதைப் பார்க்கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து கிளம்பிய எஸ்எல்வி-3 சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. கணினி நிறுத்தச் சொல்லியும் ஏவலாம் என்று முடிவெடுத்தது தானே என்று அந்தத் திட்டத்தை நடத்திய அப்துல் கலாம் பின்னாளில் சொன்னார். பத்திரிகையாளர் முன்னால் தோல்வியை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்ததும் பேசும் வாய்ப்பைக் கலாமுக்குத் தந்தார். மேடைதோறும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கதைதான். ஆனால் கேட்பவர்கள் தவனின் பெருந்தன்மையோடு நின்றுவிடுகிறார்கள். தவறு செய்தவருக்கு இன்னொரு ராக்கெட்டும் கிட்டத்தட்ட ஓராண்டும் கொடுக்கப்பட்டன என்பது பெரும்பாலும் காதில் விழுவதில்லை.

சிப்காட்டின் லைன் லீடருக்கு அந்த ஓராண்டை யார் தருவார்கள்? அவருக்குக் கீழே இருப்பதில் பாதிப் பேர் ட்ரெய்னி, மீதி கான்ட்ராக்ட். மேலே மணிக்கொரு முறை எண் கேட்கும் போன். வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டல் ஹாலில் நடக்கும் பயிற்சி வகுப்பில் அவருக்கும் தோனியின் நிதானத்தைப் படம் போட்டுக் காட்டுவார்கள். திங்கட்கிழமை பலகையில் அதே டார்கெட் இருக்கும்.

பேஸ்பால் மேனேஜர் எவ்வளவு துடித்தாலும் மட்டையைப் பிடுங்கித் தானே அடிக்கப் போவதில்லை. லைன் லீடரால் அது முடியும். புதுப் பையன் மெஷினில் வரிசையாக மூன்று பீஸ் ரிஜெக்ட் ஆகிறது. ஷிப்ட் முடிய நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது. “தள்ளுப்பா” என்று அவரே மெஷினில் கை வைக்கிறார். எண் ஏறுகிறது. பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறான். இரண்டு மணிக்கு யாரோ பலகையை டஸ்டரால் துடைக்கிறார்கள். அடுத்த வாரம் பி ஷிப்ட்டிலும் அதே மெஷின், அதே பையன்.